தூங்கா நகரத்தில் யாருக்கு நாற்காலி?

மதுரையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் முதலில் சொல்லும் பெருமை, அது தூங்கா நகரம் என்பதுதான். அது பொய்ப் பெருமையும் அல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் மாலைக்குப் பின் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியாகக் காட்டுகிறது. இரவின் ஒவ்வொரு சாமத்திலும் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பாட்டு ஒரு கணக்கே எடுக்கிறது. அடை, அப்பம் விற்கும் வணிகர்கள், ஊர்க்காவலர்கள், கள்வர்கள், பரத்தையர் என்று பட்டியல் நீள்கிறது.

அந்தப் பாட்டைப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு படித்துப் பாருங்கள். நரைத்த கூந்தலை முடித்த முதிய பெண்கள் பண்டங்களைச் சுமந்து விற்கத் திரிகிறார்கள். செல்வர் வீட்டுப் பெண்களோ தெருவுக்கு வருவதில்லை. அவர்கள் மாடத்தின் நிலாமுற்றத்தில் நின்று கீழே போகும் திருவிழாவைப் பார்க்கிறார்கள். அசையும் கொடிகளுக்கு இடையே அவர்கள் முகங்கள், மேகத்தில் மறைந்து வெளிப்படும் நிலவைப் போலத் தெரிந்து தெரிந்து மறைகின்றன. வசதியுள்ளவள் மாடத்தில், உழைப்பவள் தெருவில். சும்மா தெருவுக்கு வந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து, வாங்கித் தின்று, வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தப் பழைய இரவில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் பைபாஸ் ரோட்டிலும் இன்று வரிசையாக முளைத்திருக்கும் கஃபேக்களையும், மந்திச் சோறு போடும் உணவகங்களையும், மொட்டைமாடி உணவகங்களையும் நான் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். இவை பெண்களைத் தெருவுக்கு அழைத்து வந்திருக்கின்றனவா, அல்லது இன்னொரு மாடத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கின்றனவா? இது மதுரையின் கேள்வி மட்டுமல்ல. கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று பெருநகரமும் ஆகாமல் சிற்றூராகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் எல்லா ஊர்களுக்கும் இது பொருந்தும்.

பெஞ்ச் யாருடையது?

நம் ஊரில் வெளியே சாப்பிடுவது ஒருபோதும் வெறும் சாப்பாட்டு விஷயமாக இருந்ததில்லை. யார் யாரோடு உட்காரலாம், எந்தக் குவளையில் குடிக்கலாம் என்பதெல்லாம் சாதி விதித்த சட்டம். கிராமத்து டீக்கடைகளில் தலித்துகளுக்கெனத் தனிக் குவளை வைத்திருந்த கதையை நாம் அறிவோம். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எதிர்த்து 1957இல் பெரியார் போராட்டம் நடத்தினார். ஒரு பெயர்ப்பலகைக்கு இத்தனை போராட்டமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். உணவகத்தின் வாசல்தான் ஊரின் வாசல் என்பது போராடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாசல் மெல்லத் திறந்தபோது அதற்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். டீக்கடை பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசியலே அந்த பெஞ்சில்தான் வளர்ந்தது என்று பேசுகிறோம். தினசரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தது, வாதம் செய்தது, கட்சி கட்டியது எல்லாம் அங்கேதான். சரி, அந்த பெஞ்சில் எத்தனை பெண்கள் உட்கார்ந்தார்கள்? டீக்கடையில் பெண் டீ ஆற்றலாம், வடை சுடலாம், கிளாஸ் கழுவலாம். கட்டட வேலைக்கோ வயல் வேலைக்கோ போகிறவள் ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போகலாம். அரை மணி நேரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெண்ணை எந்த ஊர் டீக்கடையும் இன்றுவரை சாதாரணமாகப் பார்க்கப் பழகவில்லை.

ஹோட்டல்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தன. அதன் பெயர் 'ஃபேமிலி ரூம்'. உள்ளே தள்ளி, தடுப்போ திரையோ போட்டு, கொஞ்சம் கூடுதல் விலை வைத்த அறை. அந்தப் பெயரிலேயே அதன் நிபந்தனை இருக்கிறது. பெண் உள்ளே வரலாம், குடும்பமாக வந்தால். தனியாக வரும் பெண் ஃபேமிலியும் அல்ல, பொதுக்கூடத்தில் உட்காரும் ஆளும் அல்ல. சப்ளையர் இலை போடுவதற்கு முன்பே "கூட யாரும் வர்றாங்களாம்மா?" என்று கேட்பார். பெரும்பாலும் அவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவருக்கு நிஜமாகவே அது புரிவதில்லை. ஆகவே பல தலைமுறைப் பெண்களுக்கு ஹோட்டல் சாப்பாடு என்றால் வீட்டுக்கு வந்துசேரும் பார்சல்தான். மதுரையின் கறிதோசையையும் எண்ணெய்ப் பரோட்டாவையும் இலையில் மடித்து நூல் சுற்றிய பொட்டலமாக மட்டுமே அறிந்த பெண்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். பரோட்டா கல்லில் கொத்தும் சத்தம் எட்டும் தூரத்தில் ஆயுள் முழுக்கக் குடியிருந்தும், அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து அதைச் சூடாகத் தின்றறியாதவர்கள் அவர்கள்.

புதிய மாடங்கள்

அதனால்தான் கஃபே என்றாலே உதட்டைச் சுழிக்கும் விமர்சனத்தோடு என்னால் சேர முடியவில்லை. 'காபிக்கு இருநூறு ரூபாயா', 'மேல்நாட்டு மோகம்', 'செல்ஃபி எடுக்கத்தான் போகிறார்கள்' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெஞ்ச் ஏற்கெனவே தங்களுக்குச் சொந்தமாக இருப்பவர்கள். இந்தப் புதிய இடங்கள் நமக்கு என்ன கொடுத்தன என்று நேர்மையாகப் பட்டியலிட வேண்டும். முதலில், ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் 'சாப்பிட்டாச்சுல்ல, எழுந்திருங்க' என்று யாரும் தலைக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை. இரண்டாவது, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை. வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வெளிச்சம். நான்காவது, தோழிகளோடு மட்டும் வந்தால் ஏன் என்று கேட்காத மேசை.

கல்லூரி முடித்து முதல் சம்பளம் வாங்கும் பெண் தன் காசில் அம்மாவை அழைத்து வந்து, வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒன்றை வரவழைத்து, பிடிக்காமல் இருவரும் சிரித்துக்கொண்டே பாதியில் வைக்கிறார்கள். இந்தக் காட்சியை எந்தத் தத்துவம் கொண்டும் மட்டம்தட்ட நான் தயாரில்லை. அந்த அம்மாவுக்கு அடுப்பங்கரைக்கு வெளியே வாய்த்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் இவற்றை எந்த நிபந்தனையில் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மும்பைப் பெண்களின் பொதுவெளி அனுபவத்தை ஆராய்ந்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் 2011இல் வந்தது. பெண் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் சுட்டிய முக்கியமான உண்மை. வேலைக்குப் போகிறேன், பிள்ளையைக் கூப்பிடப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன். காரணமில்லாமல் சும்மா சுற்றும் உரிமைதான் குடியுரிமையின் அளவுகோல் என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கஃபே நமக்குக் கொடுத்திருப்பது காரணமற்றிருக்கும் சுதந்திரம் அல்ல. அது ஒரு புதிய காரணம். அதன் பெயர் பில். வாங்குகிற வரை நீ வாடிக்கையாளர். வாங்குவதை நிறுத்தினால் மறுபடியும் 'இந்நேரத்துல பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல?'

காசு மட்டும் அல்ல, ஒரு தோற்றமும் அங்கே தேவைப்படுகிறது. இந்த உணவகங்களின் ரீல்களையும் விளம்பரங்களையும் வரிசையாகப் பாருங்கள். நியான் எழுத்து எரியும் சுவருக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் இளம்பெண்தான். மெலிந்தவள், வெளுத்தவள், ஆங்கிலம் கலந்து பேசுகிறவள். ஊரில் 'கிளாஸ்' கூடிவிட்டது என்பதற்கு அவளே அத்தாட்சி. காய்கறிக் கூடையோடும் காலில் வெடிப்போடும் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் என்ன நடக்கும்? அவளை யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்க வேண்டிய அவசியமே வராது. அவளே அந்தக் கதவைத் தள்ள மாட்டாள். 1957இல் பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததால் அதை அழிக்கச் சொல்லிப் போராட முடிந்தது. இன்று எந்தப் பலகையிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இந்த இரவுக்கு ஒரு கடிகாரமும் உண்டு. பெண்கள் விடுதியின் கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறதோ அத்தனை மணியோடு மாணவிகளின் இரவு வாழ்க்கை முடிந்தது. டெல்லிக் கல்லூரி மாணவிகள் 2015இல் 'பிஞ்ச்ரா தோட்' என்ற பெயரில் கூட்டை உடைக்கக் கிளம்பியதும், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து நின்றதும் இதற்காகத்தான். ஆண்கள் விடுதியின் கேட்டும் அதே ஊரில்தான் இருக்கிறது, அதே இரவில்தான் இருக்கிறது. ஊர் ஆபத்தானது என்றால் ஆபத்தானவர்களை அல்லவா பூட்ட வேண்டும் என்று அந்த மாணவிகள் கேட்டதற்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பின்கதவு

உணவகத்தின் முன்கதவைப் பற்றி இவ்வளவு பேசினால் பின்கதவைப் பற்றியும் பேசியாக வேண்டும். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என்று 'மாஸ்டர்' பட்டம் உள்ள வேலைகள் எல்லாம் ஆண்களுக்கு. வெங்காயம் உரிப்பது, மாவு ஆட்டுவது, பாத்திரம் துலக்குவது, தரை கழுவுவது பெண்களுக்கு. வீட்டில் சமையல் பெண்ணின் கடமை. சம்பளம் என்று வந்துவிட்டால் அது ஆணின் கலை. பழைய மெஸ் மாறி மொட்டைமாடி உணவகம் வந்த பிறகும் இந்தப் பிரிவினையில் பெரிய மாற்றமில்லை. வரவேற்பு மேசையிலும் கல்லாவிலும் புடவையோ சீருடையோ உடுத்திச் சிரிக்கும் ஒரு பெண் கூடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இரவில் பெண்கள் வேலை பார்ப்பதைச் சட்டம் நெடுங்காலம் தடை என்ற ஒரே சொல்லால் கையாண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மாலை 7 மணிக்குப் பிறகு பெண்களை ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இது பாகுபாடு என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பிரிவை ரத்து செய்தது. மதுக்கூடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த பழைய பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை 2007இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

தமிழ்நாட்டில் 2019இல் வந்த அரசாணை, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. பின்னர் அது நீட்டிக்கவும் பட்டது. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வீடு திரும்ப வண்டி வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். காகிதத்தில் இவை நல்ல நிபந்தனைகள். ஆனால் வாடகைக்கும் வட்டிக்கும் நடுவில் நிற்கிற ஒருத்தி 'சம்மதிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளும் அதே வேலையில் இருக்க முடியுமா? நாம் நள்ளிரவில் ஐஸ்கிரீம் சாப்பிடும் உரிமையைக் கொண்டாடும்போது, அந்தக் கிண்ணத்தைக் கழுவப்போகிறவள் எந்த வண்டியில் வீட்டுக்குப் போவாள் என்று கேட்பதும் நம் பெண்ணியத்தின் பகுதியாக இருக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்களின் நடமாட்டத்துக்குச் சமீப காலத்தில் கிடைத்த மிகப் பெரிய உதவி இது. அந்த உதவியும் கடைசி டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகான இரவு, ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு உள்ளவளின் இரவு.

இங்கே கோழிக்கோட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அதுவும் மதுரையைப் போலச் சாப்பாட்டுக்குப் பேர்போன நடுத்தர நகரம். அங்கே கடைத்தெருவில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த அவர்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று போராடினார்கள். 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது.

கஃபே நமக்கு விற்பது எது என்று மேலே பட்டியல் போட்டோமே, நாற்காலியும் கழிப்பறையும். அதே இரண்டு பொருள்களைத்தான் கோழிக்கோட்டுப் பெண்கள் போராடி வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது தங்களுக்கு மட்டும் அல்ல. அவர்கள் முகம் பார்த்திராத தமிழ்நாட்டுக் கடைப் பெண்களுக்கும் சேர்த்து அது கிடைத்தது. கஃபேயில் நாம் வாங்குவது, எழுந்ததும் அடுத்தவருக்குப் போய்விடுகிறது.

பாட்டிகளின் இட்லி

புதிய உணவகங்களோடு சேர்ந்து ஒரு புதிய வகை உணவு விமர்சனமும் வளர்ந்திருக்கிறது. கேமராவோடு கிளம்பும் இளைஞர்கள் ஒரு நாள் மொட்டைமாடி உணவகத்துக்குப் போகிறார்கள், மறுநாள் சந்துக்குள் இட்லி விற்கும் பாட்டியிடம் போகிறார்கள். உணவகத்தில் 'ஆம்பியன்ஸ்' பற்றிப் பேசுகிறார்கள். பாட்டியிடம் பாசத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 'இந்த வயசுலயும் விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு மாவு ஊத்துறாங்க பாருங்க, தாய்மை!' கோவைக்கு அருகே ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற மூதாட்டி 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டார். அவருடைய பெருந்தன்மை உண்மையானது, வணங்கத்தக்கது. ஆனால் அந்த ஒரு காட்சியை அச்சாக வைத்து நூறு பாட்டிகளைப் படம்பிடிக்கிறவர்கள், எண்பது வயதில் அவர்கள் ஏன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று கேட்பதே இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இந்தப் புதிய உணவகங்கள் பலவற்றில் அந்த ஒரு மாதத் தொகை ஒரே இரவில் இரண்டு பேர் தட்டில் தீர்ந்துவிடும்.

தெருவோரத்தில் இட்லி, ஆப்பம், பருத்திப்பால் விற்கும் பெண் உழைப்பாளியும் அல்ல, முதலாளியும் அல்ல என்று கைவிடப்பட்டவள். 24 மணி நேர அரசாணை அவளுக்குப் பொருந்தாது; அவள் கடையில் பத்துப் பேர் இல்லை. அவளுக்கென இருப்பது 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம். ஊர் தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அந்த வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு தெருவை அழகுபடுத்தும்போது முதலில் அகற்றப்படுவது அவளுடைய தள்ளுவண்டிதான். பிறகு அதே தெருவில் 'தெருக்கடை ஸ்டைல்' என்று பலகை போட்டு, மண் குவளையில் அதே பருத்திப்பாலை ஐந்து மடங்கு விலைக்கு விற்கும் உணவகம் திறக்கிறது.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், அரசே ஒரு வழி காட்டியிருக்கிறது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள். இட்லி ஒரு ரூபாய். அங்கே ஃபேமிலி ரூம் கிடையாது. தனியாக வந்து சாப்பிடும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்க அவசியம் கிடையாது. கரண்டி பிடித்திருப்பதும் பெண்தான். குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் பெண் தனியாகச் சாப்பிடுவது சாதாரணமாகத் தெரிந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதை நள்ளிரவுக்கும் நீட்டித்தால் என்ன?

பத்து மணி

இரவு வாழ்க்கை என்று சொன்னதும் பலருக்கு நினைவு வருவது மது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் கையில். கடை மூடுவது இரவு 10 மணிக்கு. நடுத்தர நகரத்தின் இரவை உண்மையில் நிர்ணயிப்பது மொட்டைமாடி உணவகம் அல்ல, இந்தப் பத்து மணிதான். கடையும் பாரும் மூடியதும் குடித்த ஆண்கள் மொத்தமாகத் தெருவில் இறங்குகிறார்கள். அந்த நேரத்துக்குமேல் பெண்கள் வெளியே இருக்கக் கூடாது என்று வீடு சொல்கிறது. அதாவது, அரசு விற்ற சரக்கின் விளைவுக்கு ஊரடங்கு பெண்களுக்கு. வேண்டாம் என்று தெருவுக்கு வந்த பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பதை 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பார்த்தோம். மதுக்கடையை எதிர்த்து நின்ற பெண்ணை ஒரு காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்தார்.

இதே சமூகம்தான் ஒரு பெண் உயர்தர ஹோட்டல் பாரில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துக் கலாச்சாரம் அழிந்துவிட்டது என்று அழுகிறது. 2009 ஜனவரி 24 அன்று மங்களூருவில் ஒரு மதுக்கூடத்துக்குள் புகுந்த ஸ்ரீராம சேனை ஆட்கள் அங்கிருந்த பெண்களை அடித்து விரட்டினார்கள். தொலைக்காட்சியில் நாடே பார்த்த காட்சி அது. 2018இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். மதுவை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் அரசியல். எனக்கே அதில் தயக்கங்கள் உண்டு. ஆனால் சாமளாபுரத்தில் அறை வாங்கியவளும் மங்களூருவில் அடி வாங்கியவர்களும் எதிரெதிர் அணியில் இருப்பதாக என்னால் நினைக்க முடியவில்லை. ஒருத்தி குடிக்காதே என்று சொன்னதற்கு அடி, இன்னொருத்தி குடித்தாள் என்பதற்கு அடி. இரண்டு இடத்திலும் தண்டிக்கப்பட்டது, பொதுவெளி எப்படி இருக்க வேண்டும் என்று பெண் முடிவெடுத்ததுதான்.

சித்திரை இரவு

இரவு இயல்பிலேயே பெண்ணுக்கு ஆகாதது என்கிறவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் இரவில் ஊரைப் பாருங்கள். எதிர்சேவை நடக்கும் தெருக்களிலும் வைகைக் கரையிலும் லட்சக்கணக்கில் சனம். அதில் பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் இருப்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள், கிழவிகள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் எல்லோரும் நடைமேடையில் சேலையை விரித்துப் படுத்திருப்பார்கள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். விடிய விடியக் கதை பேசுவார்கள். இந்நேரத்துல உனக்கு என்ன வேலை என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

நகை பறிப்பும் சீண்டலும் அந்தக் கூட்டத்திலும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். இருந்தும் பெண்கள் வருகிறார்கள், ஆண்டுதோறும் வருகிறார்கள். காரணத்தைப் பக்தி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. அன்றைக்குத் தெருவில் வெளிச்சம் இருக்கிறது. தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, அங்கே மோரும் பானகமும் சும்மா கிடைக்கும். சிறப்புப் பேருந்து ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இன்னும் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். ஊர் நினைத்தால் இரவைப் பெண்களுக்கு உரியதாக ஆக்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. ஊர் அதைச் சாமிக்காக ஆண்டுக்கு ஓர் இரவு செய்கிறது. மற்ற இரவுகளில் அதே வெளிச்சத்தையும் அதே தண்ணீரையும் கண்ணாடிக் கதவுக்குள் வைத்து விலைக்கு விற்க விட்டுவிடுகிறது.

ஆகவே புதிய உணவகங்களை மூடச் சொல்லும் கட்டுரை அல்ல இது. அங்கே போவோம். காசு இருக்கும் நாளில் தோழிகளோடு போய் உட்கார்ந்து சிரிப்போம். ஆனால் அந்த மாடத்திலிருந்து தெருவைப் பார்க்கும்போது, அது வேடிக்கை பார்க்க மட்டும் நமக்கு விடப்பட்ட இடம் என்று நம்பிவிட வேண்டாம். மாநகராட்சி வார்டு உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும் தமிழ்நாட்டில் நாம் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. இரவு 12 மணிக்கும் ஓடும் ஒரு டவுன் பஸ். பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் இரவு முழுக்கத் திறந்திருக்கும், காசு கேட்காத கழிப்பறை. தள்ளுவண்டிக்காரிக்கு அகற்றப்படாத ஓரிடமும் ஒரு விளக்கும். உணவக வாசலில் 'பெண் ஊழியர்கள் வீடு திரும்ப வண்டி உண்டு' என்ற அறிவிப்பு, அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு வண்டி. தெருவில் சில பெஞ்சுகள்.

அடுத்த முறை வெளியே சாப்பிடப் போகும்போது, பரிமாறும் பெண்ணிடம் அவள் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்வாள் என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலிலிருந்து அந்த உணவகத்தைப் பற்றிய நம் விமர்சனத்தைத் தொடங்கலாம். உணவின் ருசியைப் பற்றி அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.